பையன் கணக்கு

"டாக்ஸிக்காரனுக்குப் போட்ட போனை எனக்குப் போட்டிருக்கலாம் இல்ல?"

2024 ஜூலையில், காவேரிப்பட்டணத்தில் தன் கடையில் உட்கார்ந்து சொட்டுநீர்க் குழாயை அளந்துகொண்டே நண்பன் இதைக் கேட்டான். தலையை நிமிர்த்தவில்லை. அளவு தவறிவிடக் கூடாது என்பதுபோல் குழாயில் ஓர் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எட்டு மாதப் பழைய விஷயத்தை நேற்று நடந்ததுபோல் கேட்டான். என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. உடனே சொல்லியும் விட்டேன். இத்தனை நாளாக உறுத்துவது அவனுடைய கேள்வி அல்ல, நான் சொன்ன அந்தப் பதில்தான். அதற்கு வருகிறேன். நண்பனின் பெயரை எழுதப்போவதில்லை. இதைப் படிப்பான், திட்டுவான்.

விஷயம் இதுதான். 2023 நவம்பரில் ஒரு விடிகாலை வாசல் தெளிக்கும்போது அம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எனக்குப் போன் வந்தபோது ஊரில் மணி 6:40. நான் இருக்கும் நெதர்லாந்தின் ஐந்தோவனில் இரவு 2:10. எழுந்து உட்கார்ந்து, கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு டாக்ஸியை வீட்டுக்கு வரச் சொன்னேன். எலும்பு டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று ஒரு மருத்துவமனையில் கேட்டேன். முன்பணம் கட்டினேன். டிரைவரிடம், "அம்மாவக் கையப் பிடிச்சு எறக்குங்கண்ணா, முந்நூறு ரூபா சேத்துத் தர்றேன்" என்றேன். எல்லாம் 12 நிமிடம். மாவுக்கட்டோடு அம்மா பதினொரு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டாள். மறுநாள் அலுவலகத்தில் இதைக் கதையாகவே சொன்னேன். ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி இருந்துகொண்டு, படுக்கையை விட்டு இறங்காமல் அம்மாவுக்குக் கட்டுப் போட வைத்த கதை. கேட்டவர்கள் வியந்தார்கள். எனக்கும் என்மேல் கொஞ்சம் வியப்புதான்.

நண்பனின் கடை எங்கள் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டர். அவனிடம் வண்டி இருக்கிறது. காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறவன். அந்த 12 நிமிடத்தில் அவன் நினைவு எனக்கு வரவே இல்லை என்று சொன்னால் பொய். வந்தது. வேண்டாம் என்று நானேதான் ஒதுக்கினேன்.

எந்த ஊரு?

2002-இல் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் செய்ததையே நானும் செய்தேன். ஓசூர் பஸ், அங்கிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி. பெங்களூரில் ஐந்து வருடம், அப்புறம் கோலாலம்பூரில் நான்கு, துபாயில் மூன்று, 2014 முதல் ஐந்தோவன். பெங்களூரில் இருந்தவரை ஊரை விட்டுப் போனதாகவே நினைத்ததில்லை. சனிக்கிழமை காலை கிளம்பினால் மதியக் களிக்கு வீட்டில் இருப்பேன். கோலாலம்பூர் போன பிறகுதான், ஊருக்குப் போவதற்கு லீவு கேட்க வேண்டும் என்பதே புரிந்தது.

ஊர் என்றால் எது என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. தாத்தாவின் நிலப் பத்திரத்தில் சேலம் ஜில்லா. 1965-இல் தர்மபுரி தனி மாவட்டமானது. என் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் தர்மபுரி மாவட்டம். 2004-இல் அதையும் பிரித்தார்கள். அம்மாவின் ரேஷன் கார்டில் கிருஷ்ணகிரி மாவட்டம். இருந்த இடத்திலிருந்து ஓர் அடி நகராமல் எங்கள் ஊரே மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது. நான் நான்கு நாடு பார்த்ததில் பெரிய அதிசயம் இல்லை.

ஆனால் மொய் எழுதும் மேசைக்கு முன்னால் இந்த வேடிக்கை செல்லுபடியாகாது. அதே ஜூலையில், ஆனி மாதக் கடைசி முகூர்த்தம் ஒன்றுக்குப் போயிருந்தேன். இப்போது பல மண்டபங்களில் கம்ப்யூட்டர் மொய் வந்துவிட்டது. பணம் கொடுத்தால் ரசீது வருகிறது. இங்கே பழைய முறை. நீள நோட்டு, பேனா, காதில் இன்னொரு பேனா, ஒரு பெரியவர். "ஊரச் சொல்லு தம்பி, பேரு அப்புறம்" என்றார். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை, "நெதர்லாந்து" என்றேன். அவர் எழுதவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அது சரி. ஊரு?" என்றார். பின்னால் நின்ற யாரோ என் அப்பாவின் பெயரைச் சொன்ன பிறகுதான் பேனா ஓடியது. 43 வயதில், நரைத்த தலையோடு, அப்பா பெயரில் மொய் எழுதிவிட்டு வந்தேன். அப்பா போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

நான் ஒன்றும் தொடர்பு விட்டுப்போன ஆள் இல்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஒரு எக்செல் தாள் வைத்திருந்தேன். 140 பெயர். கடைசியாகப் பேசிய தேதி, பிள்ளைகளின் பெயர், பிறந்தநாள். பேசி 90 நாள் தாண்டினால் அந்த வரிசை சிவப்பாகிவிடும். ஞாயிறு மதியம் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து சிவப்பை எல்லாம் பச்சையாக்குவேன். "எப்படி இருக்கே?" "நல்லா இருக்கேன், நீ?" "அங்க குளிரா?" "ஆமா, அங்க வெயிலா?" பச்சை. அடுத்த ஆள். நெட்டில் இதற்கு வகுப்பெடுக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்யச் சொல்கிறார்கள். நானும் ஏழெட்டு வருடம் ஒழுங்காகச் செய்தேன். அந்தத் தாளில் நண்பனின் வரிசை எப்போதும் பச்சைதான். அவனுடைய கோபம் எந்த நிறத்திலும் தெரியவில்லை.

நட்புக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஓர் ஆய்வு உண்டு. கான்சாஸ் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்டது. தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். படித்தவுடன் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஊரிலிருந்து கிருஷ்ணகிரிப் பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். போக வர ஒன்றரை. நூற்று முப்பத்துச் சொச்சம் பள்ளி நாளில் 200 மணி தாண்டிவிடும். ஆக, ஆறாம் வகுப்புப் பொங்கல் லீவுக்குள் நானும் அவனும் ஆய்வின்படியே நெருங்கிய நண்பர்கள். அதன்பிறகு ஆறு வருடம் அதே பஸ், அதே படிக்கட்டு. ஆனால் இது நட்பு உண்டாவதற்கான கணக்கு. உண்டானதை முப்பது வருடம் கெடாமல் வைத்திருப்பதற்கு மணிக்கணக்கு உதவாது என்று நினைக்கிறேன்.

இருபது பேர்

அப்பா இறந்தது 2020 ஜூனில். கொரோனா இல்லை, நெஞ்சுவலி. மார்ச் மாதமே வழக்கமான விமானங்கள் நின்றுவிட்டன. சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு. எங்கள் பக்கத்தில் ஒரு சாவு என்றால் பங்காளிகளே இருபதைத் தாண்டுவார்கள்; அப்புறம் மாமன் மச்சான், சம்பந்தி, பால் சொசைட்டிக்காரர்கள். அப்பா அந்தச் சொசைட்டியில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். யார் அந்த இருபது பேர் என்று வீட்டில் பேச்சு நடந்ததாம். சித்தப்பா ஒவ்வொரு பெயராக விரல் விட்டு எண்ணும்போது, நண்பனை எண்ணாமல் விட்டுவிட்டு, "அவன் பையனுக்குப் பதிலா" என்றாராம்.

என் தம்பி முறையில் ஒருவன் கொள்ளி வைத்தான். நண்பன் பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுத்துக்கொண்டே இன்னொரு கையில் போனைப் பிடித்திருந்தான். நான் பார்த்தது பெரும்பாலும் வானமும் புளியமரக் கிளையும்தான். தோள் மாற்றும்போது படம் தலைகீழாகத் திரும்பும். ஒரு இடத்தில் அவன் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. போனை நிறுத்தவே இல்லை.

காரியம் முடிந்த மறுவாரம் அவனுடைய கணக்குக்கு 50,000 ரூபாய் அனுப்பினேன். பந்தல், வண்டி, பால், பூ என்று அவன் எவ்வளவோ செலவழித்திருப்பான், கேட்டால் சொல்லமாட்டான். வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. மறுநாள் காலை பணம் திரும்பி வந்திருந்தது. 50,001 ரூபாய். கணக்குச் சரியாக இருக்கிறதா என்று முதலில் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்திருப்பான் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தானே செய்கிறோம். ஒரே தொகையாக வந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன். இந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன் என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்குள் ஒரு தீர்மானம் உட்கார்ந்துகொண்டது: இவன் செய்தது போதும், இனி இவனுக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்கக் கூடாது. பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு எடுத்த தீர்மானம்.

இந்த இடத்தில் நெதர்லாந்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே டிக்கி என்று ஒரு செயலி உண்டு. 2016-இல் ஒரு வங்கி கொண்டுவந்தது. நான்கு பேர் காபி குடித்தால் ஒருவர் பணம் கட்டுவார். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மற்ற மூவருக்கும் அவரவர் பங்கைக் கேட்டு இணைப்பு வந்துவிடும். இரண்டு யூரோ எழுபது சென்ட். முதல்முறை வந்தபோது மனைவியிடம் காட்டிச் சிரித்தேன். ஆறு மாதத்தில் பிடித்துப்போனது. யாருக்கும் யாரும் பாக்கி இல்லை. எவ்வளவு இலேசாக இருக்கிறது! நாடு நாடாக மாறுகிறவனுக்கு இது வரம். எந்த ஊரை விட்டும் மாலைக்குள் கிளம்பலாம். இது அவர்கள் குணம், அது நம் குணம் என்று நான் கதை கட்டவில்லை. பக்கத்து வீட்டு டச்சுக்காரர் தன் கழிப்பறைச் சுவரில் ஒரு பிறந்தநாள் காலண்டர் மாட்டியிருக்கிறார். இங்கே பல வீடுகளில் அது உண்டு. கிழமை கிடையாது, வருடம் கிடையாது, தேதியும் பெயரும்தான், வருடா வருடம் அதே காலண்டர். அதில் என் மகளின் பெயர் ஏறியது நாங்கள் குடிவந்த மூன்றாம் வருடம். அவர் ஊருக்குப் போகும்போது இரண்டு வாரம் தன் பூனைக்குச் சோறு போடச் சொல்லி வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு. அதுவரை மூன்று வருடம் "வணக்கம், மழை" என்பதைத் தாண்டியதில்லை.

நாற்பதாயிரம்

சரி, கடைக்கு வருகிறேன். டாக்ஸிக்காரனைப் பற்றி அவன் கேட்டதும் நான் சொன்ன பதில்: "உனக்குத் தொந்தரவு குடுக்க வேணாம்னுதான்டா."

அளந்த குழாயை வெட்டிச் சுருட்டினான். கம்பியால் கட்டினான். "தொந்தரவுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீ ஏற்கெனவே எவ்வளவோ செஞ்சிருக்க."

"அதனால?"

அதனால் என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து பன்னிஹள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்து, முக்கால் இஞ்ச் எல்போ பத்து கேட்டார். எட்டுதான் இருந்தது. மீதி இரண்டுக்கு வேறு கடைக்குப் பையனை அனுப்பி, அவரிடம் மாங்காய் விலையைப் பேசி, பெங்களூரா கிலோவுக்கு என்ன போகிறது, கூழ் ஃபேக்டரிக்காரன் எத்தனை நாள் இழுக்கிறான் என்று திட்டி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பக் கால் மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். இப்படியே பேச்சு மறந்துபோகும் என்று ஒரு நப்பாசை.

அவர் போனதும், விட்ட இடத்திலேயே பிடித்தான். "எங்கப்பனுக்கு 2018-ல ஆப்பரேஷன் பண்ணப்ப ராத்திரியில உனக்குப் போன் பண்ணேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஒரு லட்சம் கேட்டான், அனுப்பினேன்.

"அதுல அறுபது குடுத்துட்டேன். நாப்பது இன்னும் பாக்கி."

"அட விடுடா. அத நான் எப்பவோ மறந்துட்டேன்."

இதைச் சொல்லும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. தோளில் தட்டுகிற தொனி. அவன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

"மறந்துட்டியா? நான் மறக்கல. ஒவ்வொரு மாம்பழ சீசன்லயும் இந்த வருசம் குடுத்துறணும்னு நெனச்சிக்கினு இருக்கேன். நீ என்னமோ தர்மம் பண்ண மாதிரி மறந்துட்டேன்ற. நான் வாங்குனது கடன்டா. உன்கிட்ட கேக்கலாம்னு கேட்டேன். வேற எவன்கிட்டயும் கேக்க முடியாதுன்னு கேட்டேன். நீ எங்கிட்ட ஒரு நாளாவது எதுனா கேட்டிருக்கியா? உங்கப்பன் சாவுக்குக் கூலி அனுப்புற. உங்கம்மா விழுந்தா டாக்ஸி அனுப்புற. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போன் பண்ணி வெயிலான்னு கேக்குற."

குரல் உயரவில்லை. கூலி என்று அவன் சொன்னதுதான் வலித்தது. நான் கூலியாக அனுப்பவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு எதுவாக அனுப்பினேன் என்று யோசித்தேன். நின்றுவிட்டேன். 50,001 என்பது அப்போதுதான் விளங்கியது. மொய்யில் ஏன் ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிறோம் என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டதுண்டு. வட்டத் தொகையாக வைத்தால் அத்தோடு முடிந்ததாகிவிடும், அந்த ஒரு ரூபாய்க்காகத் திரும்ப வருவார்கள் என்றார். நான் அனுப்பியது வட்டத் தொகை. அவன் அதைத் திருப்பும்போதுகூட என் வாசலுக்கு ஒரு ரூபாய் போட்டுவிட்டுத்தான் திருப்பியிருக்கிறான். நான்கு வருடமாக அந்த ரூபாய் என் கணக்கில் கிடந்தது.

அப்புறம் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஊருக்கு என்றைக்குக் கிளம்புகிறாய் என்று கேட்டான். வியாழன் விடியற்காலை விமானம், பெங்களூர் போக வண்டி பதிவு செய்துவிட்டேன் என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. "கேன்சல் பண்றேன்" என்றேன். "பண்ணு" என்றான்.

அன்று இரவு அப்பாவின் மொய் நோட்டுகளை எடுத்தேன். 2021-லேயே அம்மா கொடுத்தது; பீரோவுக்கு மேல் போட்டதோடு சரி. மூன்று நோட்டு. வந்த மொய் ஒன்று, வைத்த மொய் ஒன்று. பால் சொசைட்டிக் கையெழுத்து: லிட்டர், டிகிரி எழுதிப் பழகிய, ஒன்றுக்கொன்று இடிக்காத எண்கள். திருப்பி வைத்தாகிவிட்டது என்றால் பென்சிலில் ஒரு டிக். அறுநூறு குடும்பத்துக்குக் குறையாது. ஒரு மனிதனால் சுமார் 150 பேரோடுதான் உறவைத் தக்கவைக்க முடியும் என்று ராபின் டன்பார் என்ற மானுடவியலாளர் சொன்னதை இரண்டு இடத்தில் மேற்கோளாகக் காட்டிப் பேசியிருக்கிறேன். எங்கள் அப்பாவுக்கு அது தெரியாது.

மூன்றாவது நோட்டின் அட்டையில் "பையன் கணக்கு" என்று எழுதியிருந்தது. 2002-இல், நான் பெங்களூர் போன வருடம் ஆரம்பிக்கிறது. என்னோடு படித்தவர்கள், பர்கூரில் என்னோடு அறையில் இருந்தவர்கள், டவுன் பஸ் கண்டக்டரின் மகள், எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் வீட்டு கிரகப்பிரவேசம். எல்லாம் என் பெயரில். பத்திரிகை எனக்கு வந்திருக்கும், நான் வாட்ஸாப்பில் வாழ்த்து அனுப்பியிருப்பேன். அப்பா பஸ் பிடித்துப் போய் 101, 201, 501 என்று என் பெயரில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். பக்கத்தில் குறிப்புகள். "பையன் வரலயான்னு கேட்டாங்க." "திரும்ப பஸ் இல்லை. மத்தூரில் இருந்து லாரி." "சாப்பாடு சுமார்." நண்பனின் கல்யாணம் 2011 மே மாதம், 1001. நான் அப்போது கோலாலம்பூரில் வேலை மாறும் மும்முரத்தில் இருந்தேன். குறிப்பு: "மாப்பிள்ளை காலில் விழுந்தான். பையன் இடத்தில் நின்று போட்டோ எடுத்தோம்."

43 வரிசை. கடைசி வரிசை 2020 மாசி மாதத்தில் ஒரு காது குத்து. எனக்கு ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நான் நினைத்ததற்கு என்னுடைய எக்செல் தாள் காரணம் இல்லை. இந்த நோட்டு.

குக்கர்

இப்படி எழுதிக்கொண்டே போனால் ஊர், மொய், உறவு எல்லாம் சொர்க்கம் என்று ஆகிவிடும். ஆகாது. மொய் வைக்க வட்டிக்கு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஆடியில் கொஞ்சம் மூச்சு விட்டு, ஆவணி முகூர்த்தங்களைப் பார்த்துப் பயப்படுகிற குடும்பங்கள் உண்டு. அப்பாவின் அறுநூறு பெயர்களையும் ஊர்வாரியாகப் புரட்டினால் இன்னொன்றும் தெரியும்: எங்கள் மாந்தோப்பில் இருபது வருடம் காய் பறித்த காலனிக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம்கூட அதில் இல்லை. அவர்கள் பத்திரிகை வைக்கவில்லையா, அப்பா போகவில்லையா, போயும் எழுதவில்லையா என்று கேட்க இப்போது ஆள் இல்லை. 2012 நவம்பரில் தர்மபுரிப் பக்கத்து நத்தம் காலனியில் தலித் வீடுகளை எரித்ததைப் பார்த்த மாவட்டக்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. யாரோடு கணக்கு வைத்துக்கொள்வது, யாரோடு கூடாது என்பதும் அந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. வெளியூர்க்காரனாக இருப்பதில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம், என் பட்டியலை நானே எழுதிக்கொள்ள முடிவது.

அப்படி நான் எழுதிக்கொண்டதில் எது மிஞ்சியது என்று அந்த இரவில் எண்ணிப் பார்த்தேன். கோலாலம்பூரில் நான்கு வருடம். பிரிவு விருந்து இரண்டு, பரிசுப் பொருள், "கட்டாயம் டச்ல இருப்போம்" என்று கட்டிப்பிடித்தவர்கள் இருபது பேர். இன்றைக்கு ஒருவர்கூட இல்லை. இருப்பது வீட்டுக்கார அக்கா மட்டும்தான். அவருடைய பாட்டன் சேலம் ஜில்லாவிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். "நீங்களும் அந்தப் பக்கம்தானே" என்ற ஒரே காரணத்துக்காக முன்பணத்தில் பாதியைக் குறைத்தார். காலி செய்யும் அவசரத்தில் அவரிடம் இரவல் வாங்கிய ஐந்து லிட்டர் குக்கர் எங்கள் சாமான்களோடு துபாய்க்கு வந்துவிட்டது. திருப்பி அனுப்புகிறேன் என்றேன். "இருக்கட்டும், வரும்போது கொண்டு வா" என்றார். இப்போதும் ஒவ்வொரு தீபாவளிக்கும் செய்தி வரும்: "என் குக்கர் எப்படி இருக்கு?" நான் குக்கரைப் படம் எடுத்து அனுப்புவேன். கேஸ்கட் மூன்றுமுறை மாற்றியாகிவிட்டது. அவர் மகன் கல்யாணத்துக்கு நாங்கள் நால்வரும் போய் வந்தோம். குக்கரை எடுத்துப் போகவில்லை. அவரும் கேட்கவில்லை.

புதன் இரவு பதினொன்றரைக்கு நண்பன் வந்தான். தேவனஹள்ளி வரை போக வர முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டோல்கேட்டில் வரிசை. சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு டீ. இரண்டரை மணி நேரத்தில் நாங்கள் பேசியது பத்து நிமிடம் இருந்தால் அதிகம். அதிலும் பாதி லாரிகளைத் திட்டியது. டீசலுக்குப் பணம் எடுக்கக் கை போனது, பர்ஸைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அவன் அதைப் பார்த்தான். பார்க்காததுபோல் இருந்தான்.

போன பிப்ரவரியில் அம்மா போன் செய்தாள். போர் மோட்டார் உறுமுகிறது, ஓடவில்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை. கிருஷ்ணகிரியில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆட்களின் எண் என்னிடம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார்கள். நண்பனைக் கூப்பிட்டேன். "மாம்பூவுக்கு மருந்து அடிச்சிக்கினு இருக்கேன், சாயங்காலம் பாக்கறேன்" என்று வைத்துவிட்டான். சாயங்காலம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அம்மா இரண்டு நாள் பக்கத்து வீட்டில் குடம் பிடித்தாள். "உனக்குக் காசு கொழுப்பா, இல்ல கஞ்சத்தனமா? ஒரு ஆள அனுப்பறதுக்கு என்ன?" என்று என்னைத் திட்டினாள். நான் அவனைத் திட்டினேன். அவன் என்னைத் திட்டினான். மூன்றாம் நாள் அந்தி சாய்ந்த பிறகு போய், கண்டன்சரை மாற்றி, மோட்டாரை ஓட்டிவிட்டு, அம்மா கிளறிய களியைக் கீரைக் கடைசலோடு தின்றுவிட்டு, அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டு ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தானாம். அப்பா லாரியில் வந்த கதை அம்மாவுக்கே தெரியாதாம்.

இரவு எனக்கு ஒரு படம் வந்தது. பழைய கண்டன்சர், வீங்கிப்போய். கீழே: "180 ரூவா. வரும்போது குடு."

"நாப்பதாயிரத்துல கழிச்சுக்கோ" என்று அனுப்பினேன்.

"அது வேற, இது வேற" என்று பதில் வந்தது.